எர்னஸ்ட் அண்ணா மாற்றிவிட்ட நான்கு மீன்கள்

எர்னஸ்ட் அண்ணாவைப் பற்றி எழுத வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவருடைய நல்ல குணத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, படித்துப் பார்த்து, கிழித்துப் போட்டுவிடுவேன். ஒருவருக்குச் செய்த துரோகத்தை மறைக்க அவரைப் புகழ்வது நல்ல வழி. அந்த வழி எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் இந்த முறை தவறிலிருந்தே தொடங்குகிறேன். நான்கு மீன்கள் செத்தன. அவர் அதை மறைத்தார். மறைத்தது எனக்குத் தெரியும். பழி மட்டும் அவர் ஒருவர் பெயரில் இருக்கிறது.

திருப்பதியில் நான் ஆராய்ச்சி செய்த விலங்கியல் துறையில் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். நான் நகரிக்காரி, அவர் புத்தூர்க்காரர். துறை முழுக்கத் தெலுங்கு நடமாடும். தொட்டி அறைக்குள் மட்டும் நாங்கள் இருவரும் தமிழ் பேசிக்கொள்வோம். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒல்லி உடம்பு, எப்போதும் முழங்கால் வரை மடித்துவிட்ட பேன்ட். இருபது வருடத்துக்கு மேல் அவுட்சோர்சிங் ஆள். நிரந்தரமாக்கிவிடுவோம் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது சொல்வார்கள், அவரும் சளைக்காமல் நம்புவார். தினமும் காலை ரயிலில் வந்து இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் முதலில் தொட்டிகளை ஒரு சுற்று பார்ப்பார். மீன்களோடு தமிழில் பேசுவார், சார்களோடு தெலுங்கில் பேசுவார். எந்தக் கூட்டம் அவருக்குப் பிடிக்கும் என்பது முகத்திலேயே தெரியும்.

அவர் வேலை வெளிப்பார்வைக்குத் தண்ணீர் மாற்றும் வேலை. உண்மையில் அது அதைவிடப் பெரியது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அப்படியே விட்டால் மீன் தாங்காது. அதனால் டிரம்மில் பிடித்து இரண்டு நாள் திறந்து வைப்பார். பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளி மூக்கருகே கொண்டுபோய், "இன்னும் வாசன போவல ஹரிதாம்மா, நாளைக்குப் பாக்கலாம்" என்பார். என்னிடம் அதற்கு ஒரு கருவி இருந்தது. கருவியும் அவர் மூக்கும் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை.

என் ஆராய்ச்சி வெள்ளியின் நானோ துகளைப் பற்றியது. வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடித்து, கிருமியைக் கொல்கிறது என்று இப்போது துணி, பெயின்ட், தண்ணீர் வடிகட்டி என எதில் வேண்டுமானாலும் சேர்க்கிறார்கள். கழுவ, துவைக்க, அது சாக்கடை வழியாக ஏரிக்குப் போகிறது. அங்கே மீனை என்ன செய்கிறது என்பதுதான் என் கேள்வி. முறை எளிமையானது. ஆறு தொட்டிகள், ஒவ்வொன்றிலும் பத்து ரோகு மீன்குஞ்சுகள். முதல் தொட்டியில் வெறும் தண்ணீர். மற்ற ஐந்திலும் வெள்ளி, ஒன்றைவிட ஒன்றில் அதிகம். நான்கு நாள் வைத்திருந்து, எதில் எத்தனை செத்தது என்று எண்ண வேண்டும். சோதனைக்கு ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுவோம். முடியும் வரை மீன் பட்டினி. இந்தப் பட்டினியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எர்னஸ்ட் அண்ணா ஒரு காரியம் செய்வார் என்று நான் சேர்ந்த முதல் வருடமே மற்ற மாணவர்கள் கிசுகிசுத்தார்கள். வெறும் தண்ணீர்த் தொட்டியில் மீன் செத்தால், சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, இருப்புத் தொட்டியிலிருந்து அதே அளவில் ஒன்றைப் பிடித்துப் போட்டுவிடுவார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'ஈடு'. காரணம் இருந்தது. வெள்ளியே இல்லாத தொட்டியில் ஒன்றுக்கு மேல் செத்தால் அந்தச் சோதனை முழுவதும் செல்லாது. அப்படி ஒரு முறை நடந்தபோது, தண்ணீரைச் சரியாக ஆறவைக்கவில்லை என்று எல்லாரும் அவரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மாணவன் அவர் முகத்துக்கு நேரே கத்தினானாம். இன்னொரு முறை நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு சார் எழுதிக் கொடுத்துவிட்டாராம். அன்றிலிருந்து ஈடு. எங்களுக்கும் அது வசதியாக இருந்தது, அதனால் யாரும் கேட்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை. என் சோதனை தொடங்கி மூன்றாம் நாள். காலையில் எண்ணிப் பார்த்தேன். அதிக வெள்ளி இருந்த தொட்டிகளில் மீன்கள் செத்துக்கொண்டிருந்தன, எதிர்பார்த்ததுதான். மிகக் குறைவாக வெள்ளி இருந்த இரண்டாம் தொட்டியில் பத்தும் உயிரோடு இருந்தன. எனக்கு அன்று சித்தூரில் ஒரு கல்லூரியில் வேலைக்கான நேர்காணல். ஆராய்ச்சி முடியும் முன் வேலை தேடுவது என் வழிகாட்டி ரங்கையா சாருக்குப் பிடிக்காது. அதனால் அவரிடம் சொல்லாமல், "அண்ணா, சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்குங்க" என்று எர்னஸ்ட் அண்ணாவிடம் தொட்டிகளை விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

பதினோரு மணிக்கு அவருக்கு வீட்டிலிருந்து போன். அவர் மனைவி தபிதா அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்து முன்கை எலும்பு முறிந்துவிட்டது. அவர் ஓடிப்போய், புத்தூரில் கட்டு போட வைத்து, மனைவியை வீட்டில் படுக்கவைத்துவிட்டு, மாலை ஐந்து மணிக்குத் திரும்பி வந்தார். வேறு யாராக இருந்தாலும் அன்று திரும்பியிருக்க மாட்டார்கள். இடையில் துறையில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. தொட்டிகளுக்குக் காற்று கொடுக்கும் மோட்டார் நின்றுபோயிருந்தது. அவர் இருந்திருந்தால் ஜெனரேட்டர் போட்டிருப்பார். இரண்டாம் தொட்டியில் நான்கு மீன்கள் மல்லாந்து மிதந்தன.

தன்னால்தான் செத்தன என்று அவர் முடிவு செய்துவிட்டார். காற்று நின்றது, தான் இல்லை, குஞ்சுகள் மூச்சு முட்டிச் செத்தன. கை பழகிய காரியத்தைச் செய்தது. நான்கையும் எடுத்தார், நான்கு ஈடு போட்டார். வெள்ளி கலந்த தொட்டியில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. நான் ஆறரை மணிக்கு வந்தபோது, "எல்லாம் நல்லா கீதும்மா" என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. அக்காவின் கை முறிந்ததைச் சொன்னார், அந்தக் கவலை என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை அவர் ரயில் வரும் முன்பே நான் தொட்டி அறைக்குப் போய்விட்டேன். இரண்டாம் தொட்டியின் அடியில் கறுப்பு நூல்கள் கிடந்தன. மீன் எச்சம். மற்ற ஐந்து தொட்டிகளும் துடைத்துவைத்த மாதிரி இருந்தன. நான்கு நாளாகத் தீனி தின்னாத மீன் எதை வெளியே விடும்? அந்தத் தொட்டியில் நேற்றுத் தீனி தின்ற மீன்கள் இருந்தன, அதாவது இருப்புத் தொட்டி மீன்கள். எனக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: அவர் வரும்வரை காத்திருந்து, 'என்ன அண்ணா நடந்தது?' என்று கேட்பது. கேட்டால் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். புதிய குஞ்சுகள், அவற்றைத் தொட்டிக்குப் பழக்கப் பதினைந்து நாள், மறுபடி நான்கு நாள். புதன்கிழமை நீ எங்கே போனாய் என்று ரங்கையா சார் கேட்பார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் தேதி நெருங்கியிருந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. அந்த அளவு வெள்ளியில் ஒரு மீனும் சாகவில்லை என்பது என் கட்டுரைக்கு அழகாகப் பொருந்தியது. இதற்குக் கீழே ஆபத்தில்லை என்று ஒரு எல்லைக்கோடு கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

தொட்டியின் அழுக்கை உறிஞ்சி எடுக்கும் சைபன் குழாயை மூன்று வருடத்தில் நான் தொட்டதே இல்லை. அது அண்ணாவின் வேலை. அன்று நானே எடுத்து அந்தக் கறுப்பு நூல்களை ஒன்றுவிடாமல் உறிஞ்சி, வாளியைச் சாக்கடையில் கொட்டினேன். பிறகு நோட்டில் இரண்டாம் தொட்டிக்கு நேராகச் சுழியம் போட்டேன்.

கட்டுரை வந்தது. பட்டம் வந்தது. சித்தூர் கல்லூரி வேலையும் கிடைத்தது. துறையை விட்டுக் கிளம்பிய அன்று எர்னஸ்ட் அண்ணா ஒரு டப்பா நிறைய மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்து, என் தலைமேல் கைவைத்து ஜெபம் செய்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. தலைமேல் கைவைத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன வருடம்வரை இது எங்கள் இரண்டு பேரின் மௌனமாக மட்டும் இருந்தது. தபிதா அக்காவின் தம்பி சாம்ராஜ் விஜயபுரம் பக்கம் வேர்க்கடலை போடும் விவசாயி. இரண்டு வருடமாக நிலத்தின் ஒரு ஓரத்தில் குட்டை வெட்டி மீன் வளர்த்தார். மீன்மேல் சிவப்புப் புண் வந்தது. கடையில் ஒரு மருந்து கொடுத்தார்கள், வெள்ளி நானோ கரைசல். கூடவே தெலுங்கில் ஒரு துண்டுத்தாள். இந்த அளவில் ஊற்றினால் ஒரு மீனும் சாகாது என்று பல்கலைக்கழக ஆய்வில் தெரியவந்திருக்கிறது என்று அதில் போட்டிருந்தது. ஆய்வு என்னுடையது. அளவு என் இரண்டாம் தொட்டியின் அளவு.

சாம்ராஜ் விவரமானவர், உடனே ஊற்றவில்லை. மாமாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினார். எர்னஸ்ட் அண்ணாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் தொட்டி, தன் ஹரிதாம்மா, விஜயபுரம் வரைக்கும் வந்துவிட்டது. "தைரியமா ஊத்து மச்சான். நான் பக்கத்துல இருந்து பாத்த மீனுங்க அதெல்லாம்" என்று சொல்லிவிட்டார். அந்த நான்கு மீன்கள் அவருக்கு அப்போதும் ஞாபகம் இருந்தன. அவை காற்று நின்றதால் செத்தவை என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் குட்டையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஐந்தாம் நாள் கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கின. அண்ணா முதல் பஸ்ஸில் போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மச்சானோடு சேர்ந்து அள்ளினார். அள்ளும்போது ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்து, சளி கட்டியிருந்தது. அந்தச் சளியை அவர் முன்பே பார்த்திருந்தார்.

இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னது சித்தூரில், என் கல்லூரி கேன்டீனில். முன்னறிவிப்பு இல்லாமல் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கி வைத்தேன், தொடவில்லை.

"அன்னிக்கு எடுத்த நாலு குஞ்சுக்கும் இதே மாதிரிதாம்மா செவுளு வெள்ளையா இருந்துச்சி. நான்தான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன்" என்றார்.

"காத்து நின்னதால செத்துச்சுன்னு இப்பதானே சொன்னீங்க அண்ணா?"

"ஒரே மோட்டாரு, ஒரே கொழா. காத்து நின்னா ஆறு தொட்டிக்கும்தான நிக்கும்? வெறுந்தண்ணி தொட்டியில பத்தும் சொகமா இருந்துச்சே. அதுல ஒண்ணு கூட சாவலியே. இத்தன வருசம் இந்த மரமண்டைக்கு அது தோணலம்மா." கையால் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "என் வேல போயிடும்னு பயந்துகினு ஈடு போட்டேன். உன் கணக்கயே பொய்யாக்கிட்டேன். உன் பேரு போட்ட தாள நம்பி அவன் ஊத்திட்டான். 'உன்ன நம்பித்தான் மாமா ஊத்துனேன்'னு ஒரே ஒரு வாட்டி சொன்னான். அப்பறம் அதப் பத்திப் பேசவே இல்ல. திட்டியிருந்தா கூட சோறு எறங்கும்."

பிறகு என் காலைத் தொடக் குனிந்தார். பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் வாயைத் திறந்திருக்க வேண்டும். எனக்கும் தெரியும் அண்ணா, எச்சத்தைப் பார்த்தேன், நான்தான் கழுவிக் கொட்டினேன் என்று. அதற்குப் பதிலாக நான் சொன்னது, "விடுங்க அண்ணா, தெரியாம நடந்ததுதானே" என்பது. மன்னிக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவர் மன்னிப்புக்காக மட்டும் வரவில்லை. அந்தத் துண்டுத்தாள் இன்னும் கடைகளில் இருக்கிறது, வேறு யாராவது ஊற்றுவார்கள் என்பதுதான் அவர் கவலை. "திரும்பப் போட்டுப் பாத்து, சாவுதுன்னு எழுதும்மா. என் பேர வேணும்னாலும் போட்டுக்கோ" என்றார். இருவரும் ரங்கையா சாரிடம் போனோம். முதலில் கோபப்பட்டார், பிறகு பயந்தார், கடைசியில் ஒத்துக்கொண்டார்.

நான் லீவு போட்டுவிட்டுப் பழைய தொட்டி அறைக்குப் போனேன். அதே ஆறு தொட்டிகள், அதே அளவுகள். இந்த முறை கரண்ட் போகவில்லை, காற்று ஒரு நிமிடமும் நிற்கவில்லை. எர்னஸ்ட் அண்ணா இரண்டாம் தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஏன் அப்படி என்றதற்கு, "கை சும்மா இருக்காதும்மா" என்றார். புதன்கிழமை மதியம் ஒரு குஞ்சு தடுமாறிச் சாய்ந்து, சுற்றிச் சுற்றி வந்து, அடியில் போய்ப் படுத்தது. இருப்புத் தொட்டி இரண்டடி தள்ளித்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "எழுதிக்கோ ஹரிதாம்மா, ஒண்ணு" என்றார். வெள்ளிக்கிழமை காலைக்குள் மூன்று. வெறும் தண்ணீர்த் தொட்டியில் பத்தும் நீந்திக்கொண்டிருந்தன.

கட்டுரை வந்த இதழுக்குத் திருத்தக் கடிதம் அனுப்ப வேண்டும். தவறு எப்படி நடந்தது என்று அதில் ஒரு வரி சொல்லியாக வேண்டும். ரங்கையா சார் என்னையே எழுதச் சொன்னார். 'தொட்டிப் பராமரிப்பாளர், ஆய்வாளருக்குத் தெரியாமல், இறந்த மீன்களை மாற்றிவிட்டார்' என்று எழுதினேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. 'ஆய்வாளருக்குத் தெரியாமல்' என்ற இரண்டு சொற்களும் என் விரல்களிலிருந்தே வந்தன. துறைக் கோப்புக்கு அதையே தெலுங்கில் எழுதி எர்னஸ்ட் அண்ணாவிடம் கொடுத்தோம். அவர் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் அவுட்சோர்சிங் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

திருத்தம் வெளியானது, கடைகளிலிருந்து அந்தத் தாளும் மறைந்தது. எல்லாரும் என் நேர்மையைப் பாராட்டினார்கள். சொந்தக் கட்டுரையைத் தானே திருத்தும் துணிச்சல் என்று என் கல்லூரி முதல்வர் கூட்டத்தில் சொன்னார், கை தட்டினார்கள். நான் எழுந்து வணக்கம் வேறு சொன்னேன்.

அன்றிலிருந்து மூன்று மாதம் என்னால் ஒழுங்காகத் தூங்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை இதழுக்கு இரண்டாவது கடிதம் ஒன்றை எழுதி, அச்செடுத்துக்கொண்டு விஜயபுரம் போனேன். எர்னஸ்ட் அண்ணா இப்போது சாம்ராஜின் குட்டையில்தான் இருக்கிறார். தண்ணீரை வடித்து, சேற்றை வெட்டியெடுத்து, மறுபடி மீன் விட முடியுமா என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கால் முழுக்கச் சேறு. என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, "வாம்மா, துன்னியா?" என்று கேட்டார்.

கடிதத்தை நீட்டினேன். கை சேறாக இருக்கிறது, நீயே படி என்றார். படித்தேன். மீன் எச்சத்தைப் பார்த்தது, சைபன் போட்டது, சுழியம் எழுதியது, முதல் கடிதத்தில் பொய் சொன்னது. படித்து முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதிர்ந்துபோவார், கத்துவார் என்று தயாராக நின்றேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும் அண்ணா?"

"வியாழக்கெழம காலையில வந்து பாத்தேன். ரெண்டாவது தொட்டி மட்டும் கழுவி வச்சா மாதிரி இருந்துச்சி. சைபன் கொழா ஈரமா மாட்டியிருந்துச்சி. மூணு வருசத்துல நீ அதத் தொட்டதே இல்லியே." சேற்றுக் கையை பேன்டில் துடைத்துக்கொண்டார். "சாயங்காலம் வரைக்கும் அந்த ஸ்டூலுலதான் உக்காந்துகினு இருந்தேன். இப்ப கேப்பா, இப்ப கேப்பான்னு. ஒரு வார்த்த கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்மா."

அவர் குரலில் கோபமே இல்லை. அந்த வியாழக்கிழமை மாலை அந்த அறையில் அவர் எதிரே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கணக்கு எழுதினேன். தபிதா அக்கா கை எப்படி இருக்கிறது என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

கடிதத்தை அனுப்பிவிட்டேன்.